காகித ஏர் ஃபில்டரா, கழுவிப் போடும் உலர் ஃபில்டரா?

எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் தவறாமல் நடக்கும் காட்சி இது. மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளை விரித்துக் காட்டி, "பாருங்க சார், எவ்ளோ அழுக்கு" என்பார். வண்டிக்காரர் முகம் சுளிப்பார். உடனே கம்ப்ரசர் துப்பாக்கியால் நாலு அடி. சாம்பல் நிறம் போய்க் காகிதத்தின் மஞ்சள் தெரிந்ததும் இரண்டு பேருக்கும் திருப்தி. அந்த நிமிடத்தில் ஃபில்டரின் தரம் குறைந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரியாது.

இந்த அழுக்குப் பயம்தான், கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் மீது நமக்கு ஆசை வரக் காரணம். கடையில் காகித ஃபில்டர் சில நூறு ரூபாய். பக்கத்து அலமாரியில் பளபளப்பான பெட்டியில் இன்னொன்று, நாலாயிரம் ஐயாயிரம் விலையில். ஒருமுறை வாங்கினால் வண்டி ஆயுள் முழுக்க வரும் என்ற வாக்குறுதியோடு. எதை எடுப்பது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கழுவிப் போடும் ஃபில்டர் எல்லாவற்றையும் நம் ஊரில் "கே அண்ட் என்" என்றே சொல்லிவிடுகிறார்கள். 1969ல் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர். அதில் தூசியைப் பிடிப்பது அந்த எண்ணெயின் பிசுபிசுப்பு. உலர் ஃபில்டர் வேறு ரகம். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைகளை அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்தது, எண்ணெயே கிடையாது. ஏஇஎம் டிரைஃப்ளோ, ஏஎஃப்இ புரோ டிரை எஸ் எல்லாம் இந்த வகை. இரண்டுக்கும் கழுவும் முறை வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு. உலர் ஃபில்டரைக் கழுவியபின் யாராவது அக்கறையோடு எண்ணெய் தெளித்துவிட்டால் தூசி குழம்பாகி அப்பிக்கொள்ளும், மூச்சடைக்கும். பருத்தி ஃபில்டரை எண்ணெய் இல்லாமல் மாட்டினாலோ அது வெறும் கொசுவலை.

இனி கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஒவ்வொரு லிட்டருக்கும் எஞ்சின் 9,000 லிட்டருக்கு மேல், அதாவது ஒன்பது கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் கார் 20,000 கிலோமீட்டர் ஓடினால் 9,000 கன மீட்டர். ஊருக்குள் காற்றில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் நுண்தூசி என்று வைத்தால் மொத்தமே ஒரு கிராம் பக்கம்தான். சக்கரம் கிளப்பும் பெரிய துகள்களையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இப்போது அதே காரை அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாலோ, கிருஷ்ணகிரி கிரானைட் குவாரி மண் பாதையிலோ ஓட்டுங்கள். முன்னால் போகும் வண்டியே தெரியாத புழுதிக்கு ஃபில்டர் துறையில் ஒரு கணக்கு உண்டு: கன மீட்டருக்குச் சுமார் 0.88 கிராம். அந்தப் புழுதியில் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் எட்டு கிராம் மண் ஃபில்டருக்கு வந்து சேரும். நகரத்தில் 20,000 கிலோமீட்டரில் சேர்வதைவிடப் பல மடங்கு, ஒரு லிட்டரில்! "எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும்?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது என்பது இதனால்தான். கையேட்டில் உள்ள 30,000, 40,000 எல்லாம் தார்ச் சாலைக்கானவை. அதற்குக் கீழேயே புழுதிப் பாதைக்கு அடிக்கடி பார்க்கவும் என்று இன்னொரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

அந்த மண்ணில் பெரும்பங்கு சிலிக்கா. சிலிண்டர் இரும்பையே கீறும் கடினம் அதற்கு. மிகவும் கெடுதல் செய்வது கண்ணில் படும் மணல் அல்ல. 5 முதல் 20 மைக்ரான் வரையிலான தூள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி 70 மைக்ரான் பக்கம் என்றால் அளவை யோசித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் கனத்துக்கு இந்தத் தூள் சரியாகப் பொருந்தி உட்கார்ந்து, உப்புத்தாள் வேலை பார்க்கும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இருந்தால் முதல் அடி அதன் விசிறிக்கு. நிமிடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிச் சுழலும் அலுமினிய இதழ்கள் அவை.

இந்தத் தூளைக் காகிதம் எப்படிப் பிடிக்கிறது என்பதை ஃபில்டர் காபி போடுகிறவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். டிகாஷன் ஃபில்டரின் ஓட்டைகள் காபித் தூளைவிடப் பெரியவை. வெந்நீர் ஊற்றியதும் முதலில் கொஞ்சம் தூள் கீழே இறங்கத்தான் செய்யும். பிறகு தூளே படுகையாகப் படிந்து, அதுவே வடிகட்டியாகிவிடும். காகித ஏர் ஃபில்டரும் அப்படியே. பிசின் ஊறிய மெல்லிய செல்லுலோஸ் இழைகளின் மேற்பரப்பில் தூசி படியப்படிய, அந்தத் தூசிப் படுகையே இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கத் தொடங்கும். புத்தம் புது ஃபில்டரைவிடப் பாதி ஆயுள் ஓடியது நன்றாக வடிகட்டும். கம்ப்ரசர் அடித்ததும் தரம் குறைந்தது என்று மேலே சொன்னது இதைத்தான்.

செயற்கை இழை உலர் ஃபில்டர் தூசியை மேலே நிறுத்துவதில்லை, கனத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. வெளி அடுக்கு தளர்வு, உள் அடுக்கு நெருக்கம். காற்று எளிதாகப் போகும், தூசியும் நிறையக் கொள்ளும். அதற்குக் கொடுக்கும் விலை இரண்டு இடத்தில். இழைகளின் இடைவெளி பொதுவாகக் காகிதத்தில் இருப்பதைவிடப் பெரிது. ஆகவே நுண்தூளைப் பிடிப்பதில் சற்றுப் பின்தங்கும். உள்ளே போய்ச் சிக்கிய தூசி கழுவினாலும் முழுக்க வராது. ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அதைவிட முக்கியம், கழுவி மாட்டிய அன்று அது மறுபடியும் புது ஃபில்டர். காபிப் படுகையைக் கொட்டிவிட்டு முதல் டம்ளர் வெந்நீர் ஊற்றும் நிலை. சுத்தக்காரர்கள் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கழுவுகிறார்கள். அவர்கள் எஞ்சின்தான் அதிக மண் தின்னும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது? 99.5 சதவீதமும் 97 சதவீதமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். எஞ்சினுக்குப் பிடிபட்டது எவ்வளவு என்பதில் அக்கறை இல்லை, தப்பியது எவ்வளவு என்பதே கேள்வி. 100 கிராம் தூசி வந்தால் முதலாவது அரை கிராமை விடும், இரண்டாவது மூன்று கிராமை. ஆறு மடங்கு. ஏர் ஃபில்டர் சோதனைக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 5011. அதில் நைஸ் தூசி, கரடுமுரடுத் தூசி என இரண்டு வகைச் சோதனைத் தூசிகளைப் பயன்படுத்தலாம். கரடுத் தூசியில் 99 வாங்குவது பெரிய சாமர்த்தியம் இல்லை. எந்தத் தூசி, புதிதாக இருக்கும்போது உள்ள தொடக்கத் திறனா, தூசி நிரம்பும்வரை சேர்த்துப் பார்த்த ஒட்டுமொத்தத் திறனா என்று சொல்லாத எண், கடைக்காரர் சொல்லும் மைலேஜ் மாதிரிதான்.

பவர், மைலேஜ் ஆசைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதைச் சோதித்தது. கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில், அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியும் மைலேஜ் கூடவில்லை. பிக்கப் மட்டும் 6 முதல் 11 சதவீதம் தேறியது. அடைத்த ஃபில்டருக்கே இதுதான் நிலை என்றால், நல்ல காகிதத்துக்கும் நல்ல உலர் ஃபில்டருக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணக் காரில் காலுக்குத் தெரியாது. காது மட்டும் ஏமாறும், உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் கூடுவதால். ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடக் குடித்து, பிளக் கறுத்தது கார்பரேட்டர் காலத்துக் கதை.

காசுக் கணக்கு இதைவிடச் சுவாரசியம். காகித ஃபில்டர் 400 ரூபாய், புழுதியை உத்தேசித்து 20,000 கிலோமீட்டருக்கே மாற்றுகிறோம் என்று வைப்போம். உலர் ஃபில்டர் 5,000, காலப்போக்கில் வாங்கும் கிளீனருக்கு 800. மொத்தம் 5,800, பதினாலரைக் காகித ஃபில்டரின் விலை. போட்ட காசைத் திரும்ப எடுக்க 2,90,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருஷம் 12,000 ஓட்டுகிறவருக்கு 24 வருஷம்! அதற்குள் கார் போன இடம் தெரியாது. ஆனால் காகித ஃபில்டரே 2,500 ரூபாய் ஆகும், ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற இறக்குமதிக் கார் என்றால் 50,000 கிலோமீட்டருக்குள் கணக்கு நேராகிவிடும். அங்கே உலர் ஃபில்டர் நியாயமான தேர்வு. டியூன் செய்து காற்றோட்டத்தைக் கூட்டிய எஞ்சினுக்கும், ஸ்பேர் கிடைக்காத மலைப் பாதைகளில் வாரக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கும், நனைந்தால் காகிதம் தளர்ந்துபோகும் என்பதால் ஓயாத மழையில் ஓட்டுகிறவர்களுக்கும் அதுவே சரி. (தேங்கிய வெள்ளத்தில் இறக்கினால் எந்த ஃபில்டரும் தண்ணீரை நிறுத்தாது, அது தனிக் கதை.)

உலர் ஃபில்டரில்தான் போவது என்று முடிவு செய்தால், எண்ணெய் ரகத்தைவிட அதற்கு ஒரு நிஜமான அனுகூலம் உண்டு. பல டீசல் கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்தே எம்ஏஎஃப் சென்சார் இருக்கும். காற்றின் அளவைச் சூடான மெல்லிய படலத்தால் அளப்பது. அளவுக்கு மிஞ்சி எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரிலிருந்து துளிகள் பறந்து அதன்மேல் படிந்தால் அளவு தப்பும், வண்டி திணறும். உலர் ஃபில்டரில் அந்தத் தொல்லையே இல்லை. சென்சாரைச் சுத்தம் செய்ய நேர்ந்தால் அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும். கார்பரேட்டர் கிளீனர் ஆகாது, துணியால் துடைக்கவும் கூடாது. நம் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் எம்ஏஎஃப் கிடையாது, காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான்.

எதை வாங்கினாலும் வடிகட்டும் தாளைவிட முக்கியமான ஒன்று அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு. காற்று சோம்பேறி, சந்து இருந்தால் மடிப்பு வழியாக ஏன் போக வேண்டும்? வெளிக்கம்பெனி ஃபில்டர்களில் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கனம் குறைந்திருப்பது அபூர்வம் இல்லை. இதைப் பார்க்க ஒரு சோதனை உண்டு. ஏர் பாக்ஸின் (ஃபில்டர் உட்காரும் பெட்டியின்) விளிம்பில் சுற்றிலும் சாக்பீஸ் தூளை விரலால் லேசாகத் தடவுங்கள். ஃபில்டரை வைத்து மூடி, கிளிப் எல்லாவற்றையும் போட்டு, உடனே திறந்து ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் முழுக்க வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓட வேண்டும். ஒரு மூலையில் கோடு மங்கினாலும் அந்த ஃபில்டர் அந்தப் பெட்டிக்கு ஆகாது, என்ன விலையாக இருந்தாலும் சரி. மூலைதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பெட்டி பழசாகி, ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கம். சோதனை முடிந்ததும் ஈரத்துணியால் தூளை முழுக்கத் துடைத்துவிட வேண்டும்.

கழுவும் வேலை பொறுமை கேட்பது. அவசரக்காரர் காகிதத்தோடு நிற்பது நல்லது. ஃபில்டரைக் கழற்றியதும் எஞ்சினுக்குப் போகும் குழாய் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பெட்டியின் அடியில் இலை, பூச்சி, சில நேரம் எலி கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நார்கூட இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுக்கவும், காற்று அடித்துக் கிளப்ப வேண்டாம். ஃபில்டரின் அழுக்குப் பக்கத்தில் மென்மையான பிரஷ்ஷை மடிப்பின் வாக்கில் ஓட்டி உதிரித் தூசியைத் தள்ளியபின், கம்பெனி கிளீனரைத் தெளித்துப் பத்து நிமிடம் விடவும். காயவிடக் கூடாது. கம்பெனி அனுமதித்தால் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த தண்ணீரும் போதும். துணி சோப்புத்தூள், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். விளிம்புப் பசை விட்டுப்போகும். தண்ணீர் விடுவது சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, குழாயைப் பாதி திறந்து. கூம்பு வடிவம் என்றால் உள்ளேயிருந்து வெளியே. இது தலைகீழானால் வெளியே இருந்த மண் எஞ்சின் பக்கம் குடியேறிவிடும். வாட்டர் சர்வீஸ் பம்பைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம்.

காயவைப்பது நிழலில், தானாக. கோடையில் ஒரு நாள் போதும். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் ஆகலாம். ஹேர் டிரையர், கம்ப்ரசர், வெயிலில் காயும் போனட் மேல் வைப்பது எல்லாம் இழையைச் சுருக்கும், பிளக்கும். மடிப்புக்குள் ஈரம் நிற்கும்போதே மாட்டினால் இழைகளுக்கு நடுவே தண்ணீர்ப் படலம் காற்றை மறிக்கும். அந்த இரண்டு நாளும் வண்டி ஓட வேண்டுமே? இரண்டு உலர் ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போட வேண்டும், அல்லது ஒரு காகித ஃபில்டரை டிக்கியில் வைத்திருக்க வேண்டும். மேலே போட்ட காசுக் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காகிதத்துக்கு விதி சுருக்கமானது: கழுவாதே, அடிக்காதே, மாற்று. தண்ணீர் பட்டால் இழை ஊதி, காய்ந்தபின் துளைகள் பழைய அளவுக்கு வராது. ஒர்க்‌ஷாப் கம்ப்ரசரில் காற்றழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். துப்பாக்கி மூக்கை ஃபில்டரோடு ஒட்டி வைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை விழும். வேறு வழியே இல்லாத இடத்தில் 30 பிஎஸ்ஐக்குக் கீழே குறைத்து, ஒரு சாண் தள்ளி, உள்ளிருந்து வெளியே லேசாக ஊதலாம். பிறகு இருட்டில் மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். மங்கலான வெளிச்சம் சரி. நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி மின்னினால் குப்பைக்கு. மலிவான போலிகளையும் இங்கேயே பிடிக்கலாம். பழைய ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணுங்கள். ஒரிஜினலில் 60 இருக்க, வாங்கியதில் 42 இருந்தால் பரப்பில் 30 சதவீதம் போய்விட்டது.

இப்போது மாட்டியிருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய வழி உண்டு. ஃபில்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கக் குழாயின் உள்சுவரில் ரூபாய்க் காசளவு கிரீஸைப் படலமாகத் தடவி 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அந்த கிரீஸை வழித்து இரண்டு விரலுக்கு நடுவே தேயுங்கள். வழுக்கினால் நல்லது. நறநறத்தால் ஃபில்டரோ விளிம்போ கோட்டை விட்டிருக்கிறது. எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில் அதைத் தாண்டிய இடத்தில்தான் தடவ வேண்டும். எஞ்சின் ஆயிலை லேபில் சோதிப்பவர்கள் சிலிக்கானைப் பார்க்கலாம். சிலிக்கானோடு இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறியிருந்தால் மண் உள்ளே போயிருக்கிறது. சிலிக்கான் மட்டும் தனியாக ஏறியிருந்தால் அண்மையில் போட்ட சிலிக்கோன் கேஸ்கெட் பசையாகவும் இருக்கலாம்.

குவாரி, செங்கல் சூளை, வயல் என்று நாள்தோறும் புழுதியில் கிடக்கும் வண்டிகளுக்கு இந்த இரண்டில் எது என்பதே தவறான கேள்வி. டிராக்டரைப் பாருங்கள். காற்றைச் சுழற்றிக் கனமான மண்ணை முன்கூட்டியே உதறும் பிரீ-கிளீனர், பிறகு பெரிய எலிமென்ட் (வடிகட்டும் ஃபில்டர்), அதற்கும் உள்ளே காவலுக்கு இன்னொரு சேஃப்டி எலிமென்ட், அடியில் தூசியைத் துப்பும் ரப்பர் வாய். வெளி எலிமென்டை மூன்று முறை மாற்றினால் சேஃப்டியை ஒருமுறை மாற்றுவது வழக்கம். அதைச் சுத்தம் செய்யவே கூடாது. எப்போது மாற்றுவது என்பதைக் கண் சொல்லாது, இண்டிகேட்டர் சொல்லும். காற்றுக்கு ஏற்படும் தடை, நீர்மட்டக் கணக்கில் அளக்கும் அழுத்தத்தில் 20 முதல் 25 அங்குலம் வந்தால் சிவப்பு காட்டும் வகைதான் பெரும்பாலும்.

இருசக்கர வண்டிக்காரர்களுக்கு இரண்டே வார்த்தை. ஆக்டிவா போன்றவற்றில் வருவது விஸ்கஸ் பேப்பர். கம்பெனியிலேயே எண்ணெய் ஊறவைத்தது. அதைக் கழுவினாலும் காற்று அடித்தாலும் தீர்ந்தது. பளபளக்கும் ஸ்டீல் வலை ஃபில்டரைப் பைக்கில் மாட்டும்முன் ஒருமுறை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சூரியன் தெரிகிற ஓட்டையில் 10 மைக்ரான் தூள் நிற்குமா?

வாரண்டி உள்ள கார், தினமும் ஊருக்குள் ஓட்டம், சர்வீஸை வேறொருவர் கையில் விடுகிற பழக்கம்: இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலும் என் தேர்வு காகிதம்தான். உலர் ஃபில்டர் போட்டவர்கள் ஒரு காரியம் செய்துவிடுங்கள். ஏர் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அழியாத பேனாவால் "எண்ணெய் போடாதே, காற்று அடிக்காதே" என்று எழுதி, கடைசியாகக் கழுவிய தேதியையும் கிலோமீட்டரையும் கீழே குறித்து வையுங்கள். அடுத்த சர்வீஸில் அந்த மூடியைத் திறக்கப்போகும் பையனுக்கு அது எந்த ஃபில்டர் என்று வேறு யாரும் சொல்லப்போவதில்லை.